முதலாளியின் முடி

ஃபேனைப் போட்டது மனைவிதான். அடுப்பு வேக்காட்டிலிருந்து வந்தவள், சாப்பாட்டு மேஜையில் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று பார்க்காமலே சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

மேஜையில் இரண்டு வெள்ளைத் தாள்கள் இருந்தன. இந்தத் தாளில் சில முடிகள், அந்தத் தாளில் சில முடிகள். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியதும் தாள்கள் இருந்தன, முடிகள் இல்லை.

"நிறுத்து, நிறுத்து. அப்படியே நில்லு. காலைத் தூக்காதே."

"என்னங்க விழுந்துச்சு?"

"முதலாளி முடி."

அவர் ஒரு கூந்தல் எண்ணெய்க் கம்பெனியில் கெமிஸ்ட். அவருடைய தலையிலோ, காதுகளுக்குப் பின்னால் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தைத் தவிர, ஒன்றும் கிடையாது. கம்பெனியில் எல்லோரும் அவரைப் 'பௌர்ணமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் லைட்டை அணைத்துவிடலாம் என்று விற்பனை மேனேஜர் சொல்லாத நாள் இல்லை. முதலாளி மட்டும் அவர் தலையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதனாலேயே கெமிஸ்டுக்கு முதலாளி மேல் தனி விசுவாசம்.

எண்ணெய் கெமிஸ்டினுடையது. இத்தனை வருஷமாக அவர் காய்ச்சிக் கலந்து, கொட்டி, மறுபடி காய்ச்சிக் கண்டுபிடித்தது. மற்ற எண்ணெய் முடியின் மேலே வழுக்கிக்கொண்டு நிற்கும், தன் எண்ணெய் முடிக்குள்ளேயே போகும் என்பது அவருடைய கட்சி. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை, "உள்ளே போகுதுன்னு நிரூபிங்க, வாங்கிக்கறோம். இல்லேன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. அந்தக் கடையும் வாங்காவிட்டால் எண்ணெயை நிறுத்திவிட்டு சோப்புப் போடுவது என்று கம்பெனியில் முடிவாகியிருந்தது. சோப்புக்கு இந்தக் கெமிஸ்ட் தேவையில்லை.

விற்பனை மேனேஜர் அதற்கும் ஒரு வழி செய்தார். பாட்டில் லேபிளில் முதலாளியின் படம்தான் இருக்கும், அடர்ந்து கறுத்த முடியோடு. "லேபிள்ல இருக்கிற தலையே சோதனைக்கும் வருது" என்று வியாபாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். ஒரே கைதட்டல். முதலாளியும் எழுந்து சிரித்தார், சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அப்படித்தான் எண்ணெய் தடவுவதற்கு முன் எடுத்த முடி ஒரு கவரிலும், ஆறு மாதம் தடவிய பின் எடுத்த முடி இன்னொரு கவரிலுமாக, இரண்டையும் முதலாளியே தன் கையால் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

கெமிஸ்ட் பூதக்கண்ணாடி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் மனைவி துடைப்பத்தோடு நின்றாள்.

"இந்தாங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிட்டேன்."

முறத்தில் முதலாளி இருந்தார். கூடவே மனைவி, மகள், துடைப்பத்தின் இரண்டு குச்சி, தூசி எல்லாம் இருந்தது.

"ஒண்ணாச் சேரக்கூடாதுங்கறதுக்குத்தானே ரெண்டு தாளே வெச்சிருந்தேன்."

"எல்லாம் கறுப்பு முடிதானே? யாரு கேக்கப் போறாங்க?"

கெமிஸ்ட் கோபத்தை விழுங்கிக்கொண்டு முறத்தைக் கிளற ஆரம்பித்தார். நல்ல வேளை, முதலாளியின் முடிகளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எல்லாம் ஒரே நீளம். ஒழுங்கான மனுஷனுக்கு முடிகூட ஒழுங்காக வளரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் எது முந்தியது, எது பிந்தியது? அதுதான் தெரியவில்லை. எண்ணெய் உள்ளே போன முடியை, சோதனை நடக்கப்போகும் இடத்து எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடாதா, அப்போது பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சிங்க்ரோட்ரான் நிலையம் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு வட்டமான கட்டிடம். உள்ளே பெரிய வளையத்தில் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அவை வளைகிற இடங்களில் எக்ஸ்ரே கிளம்பும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதற்கு முன்னால் சூரியனுக்கு முன் தீக்குச்சி. வளையத்தைச் சுற்றிலும் ஆய்வு அறைகள். அங்கே ஒரு நாள் கிடைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கெமிஸ்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அதுவும் சாயங்காலம் வரைதான்.

பக்கத்து அறைக்கு வந்திருந்த இன்ஜினியர் விமான இன்ஜினின் தகடு ஒன்றை வைத்திருந்தார்.

"நீங்க என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"முடி."

இன்ஜினியர் அவர் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்கவில்லை.

கெமிஸ்டுக்கு உதவ நிலையத்தின் விஞ்ஞானி ஒருவர் இருந்தார். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பொறுமைசாலி. ஒரு முடியை எடுத்துச் சின்னச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, ஈயச் சுவர் போட்ட அறைக்குள் வைத்தார். பிறகு உள்ளே யாரும் இல்லையே என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்து, சுவரில் இருந்த பட்டனை அமுக்கி, வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"இனிமே கதவைத் திறந்தா எக்ஸ்ரே தானா நின்னுடும். பாதியில நின்னா மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்."

"புரியுது மேடம்."

"எண்ணெய் உள்ள போயிருந்தா எப்படித் தெரியும்னு எதிர்பாக்கறீங்க?"

"படத்துல நடுவுல மெல்லிசா ஒரு வளையம் வரணும்."

திரையில் முதல் முடியின் படம் வந்தது. வளையம் இல்லை. இது எண்ணெய் தடவாதது என்று கெமிஸ்ட் மனதுக்குள் குறித்துக்கொண்டார். இரண்டாவதிலும் இல்லை. சரி, இதுவும் தடவாதது. மூன்றாவது, நான்காவது என்று போய், கவர் காலியாகும் வரை ஒரு வளையமும் வரவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன.

"இதுல எதெல்லாம் எண்ணெய் தடவினது சார்?" மேடம் கேட்டார்.

"அதைத்தான் மேடம் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

தடவிய முடியெல்லாம் அலமாரிக்கு அடியில் போயிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலாளிக்கு போன் போட்டார்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். இன்னும் ஒரே ஒரு முடி வேணும். யார்கிட்டயாவது சொல்லி, தலையிலேர்ந்து ஒண்ணு பிடுங்கி அனுப்பினா..."

"பிடுங்கறதா?" என்றார் முதலாளி. "ஆமா, அந்த எக்ஸ்ரேல என்னென்ன தெரியும்?"

"உள்ள இருக்கறது எல்லாமே தெரியும் சார்."

"எல்லாமேவா?"

"ஒண்ணுகூட மறைக்க முடியாது சார்."

"நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன்" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

கெமிஸ்ட் சோர்ந்துபோய்ச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். தோளில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. மனைவியுடையது. கெமிஸ்டின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு மாதாமாதம் இரண்டு பாட்டில் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். இதைவிட நன்றாக ஊறிய முடி உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? இதில் வளையம் வந்தால் போதும், எண்ணெய் பிழைத்துக்கொள்ளும்.

தானே உள்ளே போய், சட்டத்தை வைக்க மேடத்துக்கு உதவி செய்தார். கதவு பூட்டியது. எக்ஸ்ரே ஓடியது. கண்காணிப்புத் திரையில் அறையின் உட்புறம் தெரிந்தது. மேஜை ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

"அது என்ன?" என்றார் மேடம்.

"என் போன்."

"உள்ள வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

போனின் முகத்தில் 'முதலாளி' என்று வந்ததைக் கெமிஸ்ட் திரையிலேயே படித்தார். கதவைத் திறந்தால் முடி போகும், திறக்காவிட்டால் வேலை போகும். அவர் திறக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. மேஜை விளிம்புவரை வந்து, அவர் நெஞ்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தானும் நின்றது.

மனைவியின் முடியில் வளையம் இல்லை.

போன் கைக்கு வந்ததும் வீட்டுக்குத்தான் முதலில் பேசினார்.

"உண்மையைச் சொல்லு. தலைக்கு நம்ம எண்ணெய்தானே தடவறே?"



"கோவிச்சுக்காதீங்க. அந்த வாசனை எனக்குத் தலைவலி."

"அப்போ மாசம் ரெண்டு பாட்டில் எங்க போகுது?"

"கதவுக் கீலுக்கெல்லாம் விடறேன். நம்ம வீட்டுல எந்தக் கதவாவது சத்தம் போடுதா, சொல்லுங்க? நல்ல எண்ணெய்ங்க அது. பக்கத்து வீட்டுலகூடக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

கெமிஸ்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கட்டிய மனைவியே நம்பாத எண்ணெயை ஊர் நம்ப வேண்டும் என்று எக்ஸ்ரேயைத் தேடி வந்திருக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டியது. அழவும் செய்தார், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்.

மேடம் பார்க்காதது மாதிரி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த எண்ணெயை உண்மையிலேயே தினமும் தடவறவங்க யாரும் இல்லையா?"

"ஒரே ஒருத்தன் இருக்கான் மேடம். தினமும் காலையில நம்பிக்கையோட தடவறான்."

"கூப்பிடுங்களேன்."

"இங்கதான் உக்காந்திருக்கேன்."

மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று கெமிஸ்டுக்குத் தோன்றியது. காதுக்குப் பின்னாலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தார். இருக்கிற சொத்தில் பெரும்பங்கு அது. முடியைக் கட்டி மலையை இழுப்போம், வந்தால் மலை, போனால் முடி என்பார்கள். முடி நிறைய உள்ளவர்கள் சொன்ன பழமொழியாக இருக்க வேண்டும்.

கதவு பூட்டியது. இந்த முறை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார். படம் வந்தது. நடுவில், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரு வளையம்.

"வந்திருக்கு சார்" என்றார் மேடம். "உங்க எண்ணெய் உள்ள போகுது."

கெமிஸ்ட் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பக்கத்து அறை இன்ஜினியரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார்.

அந்தச் சந்தோஷம் திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்வரைதான் இருந்தது. எண்ணெய் வேலை செய்கிறது. அப்படியென்றால் ஆறு மாதம் தடவிய முதலாளியின் முடியிலும் வளையம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அந்த முடிகளைத் தொலைத்தது தான்தான். இத்தனை வியாபாரிகள் முன்னால் அறிவித்தது முதலாளியின் தலையை. அதற்குப் பதிலாகப் பௌர்ணமியின் காதோர முடியைக் காட்டி எண்ணெய் விற்க முடியுமா? கடைக்காரர்கள் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகச் சிரிக்க மாட்டார்களா?

போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"நானே உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"முதல்ல நான் சொல்லிடறேன் சார். இல்லேன்னா அப்புறம் தைரியம் வராது." ஃபேன், துடைப்பம், முறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கீலை மட்டும் விட்டுவிட்டார். "எண்ணெய் மேல தப்பில்ல சார். என் முடியில வளையம் வந்திருக்கு. உங்க முடியை நான்தான் கலந்து தொலைச்சுட்டேன். நம்பிக் குடுத்தீங்க. நாளைக்கே ராஜினாமா குடுத்துடறேன்."

முதலாளி ராஜினாமாவைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நேரம் அங்க இருப்பீங்க?"

"ஆறு மணி வரைக்கும் சார்."

"அங்கேயே இருங்க. டிரைவரை அனுப்பறேன்."

டிரைவர் எதற்கு வருகிறார் என்று கெமிஸ்டுக்கு சந்தேகமே இல்லை. ராஜினாமாவுக்குக்கூடக் காத்திருக்காமல் கணக்கு முடிக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு முதலாளி மேல் கோபம் வரவில்லை. தன் எண்ணெய் நல்ல எண்ணெய் என்று தெரிந்துவிட்டது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மேடம் கொடுத்த காபியைக் குடித்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் வந்தார். முதலாளியிடம் காலங்காலமாக இருப்பவர், அனாவசியமாக வாய் திறக்காதவர். கையில் வட்டமான ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. அதைப் பச்சைக் குழந்தையைத் தருவது மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன இது?" என்றார் கெமிஸ்ட். "முதலாளி ஏதாவது சொன்னாரா?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு சார். வேணுங்கற முடியை எடுத்துக்கிட்டு மிச்சத்தை இப்பவே குடுத்துடுங்க, நாளைக்குப் புது லேபிளுக்குப் போட்டோ எடுக்கறாங்க, அவருகிட்ட வேற இல்ல."