செகண்ட் ஷிஃப்டில் பூமியைக் காப்பாற்றியவன்

பூமியைக் காப்பாற்றுவது என்று நான் முடிவு செய்தேன். பூமி என்னைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த சுற்றறிக்கைதான் கேட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றத்தையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் ஆன்லைன் கருவிகளை வைத்துச் சொல்லித்தர வேண்டுமாம். எங்கள் பள்ளியில் புவியியல் வாத்தியார் நான் ஒருவன்தான். தலைமையாசிரியர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வேறு வாத்தியாராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். நான் உற்றுப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அதில் பூமி தெரியவில்லை. கேரம் போர்டு தெரிந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி லூயிசா பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். விடியும் முன்பே எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வந்து இறங்குவாள். நானோ மாலை மணி அடித்ததும் வீட்டில் இருப்பேன். ஆகவே சாயங்கால வேலை மொத்தமும் என் தலையில். வாஷிங் மெஷினைப் போடு. கிரைண்டரில் மாவு ஆட்டு. நாளைக்கு அவள் கட்டப்போகும் புடவைக்கு இஸ்திரி போடு. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்று. காற்றுக் காலத்தில் மூடிய தங்கச் சுரங்கத்து மண்மேட்டிலிருந்து பறந்து வந்து கட்டில், மேஜை, காதுமடல் என்று எல்லாவற்றிலும் படியும் வெள்ளைத் தூளைத் துடை. அதே நேரத்தில் கிளப்பில் என் நண்பன் ஃப்ரெடி கேரம் போர்டில் பவுடர் தூவிவிட்டு எனக்காகக் காத்திருப்பான். அங்கேயும் பவுடர், இங்கேயும் பவுடர். எனக்கு வாய்த்தது இங்கே உள்ள பவுடர்.

இந்த வேலைக்கு எங்கள் வீட்டில் செகண்ட் ஷிஃப்ட் என்று பெயர். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் ஷிஃப்ட் மூடவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்றுதான் இன்னும் பேசுகிறோம். அதிலும் லூயிசாவின் அப்பா, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு இன்ஜின் ஓட்டியவர். அந்த வீட்டில் பிறந்தவளுக்குப் புருஷன் என்றால் ஷிஃப்டுக்கு வந்த ஆள், அவ்வளவுதான்.

முதல் நாள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் ஒரு கார்பன் கால்குலேட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு வீடும் எவ்வளவு புகை விடுகிறது என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். முதல் கேள்வியே, வருஷத்துக்கு எத்தனை தடவை விமானத்தில் போவீர்கள் என்றது. வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. முதல் பெஞ்சு நிக்கோல் கையைத் தூக்கினாள். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரப் பெண்.

"சார், எங்க தாத்தா கேஜ்ல போனத போடலாமா?"

"அது கீழ போறதும்மா."

"மேலயும் வந்தாரே சார்."

இது ஆகாது, நமக்கு நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்றேன். நிக்கோல் ஒரே வாரத்தில் செய்து முடித்தாள். திரையில் ஒரு பெரிய ஷாஃப்ட், அதாவது சுரங்கக் கிணறு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேஜ். வீட்டில் ஒரு மெஷின் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓய்வெடுத்தால் பாயிண்ட். பாயிண்ட் ஏற ஏற கேஜ் மேலே வெளிச்சத்துக்கு வரும். புகை விடும் வீடு அடி லெவலில் இருட்டில் கிடக்கும். எந்த ஷிஃப்டுக்கு எந்த வீட்டில் யார் பொறுப்பு என்று ஆன்லைன் ஷீட்டில் பெயர் எழுதிவிட வேண்டும்.

விதிகளை எழுதியவன் நான். அதில் ஒன்றைக் கொஞ்சம் ஆசையாக எழுதினேன். செகண்ட் ஷிஃப்டில் மெஷின் ஓய்வெடுத்தால் இரட்டைப் பாயிண்ட்! ஏனென்றால் சாயங்காலம்தான் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கிறது. அப்போதுதான் நிலக்கரி அதிகம் எரிகிறது. இது பொய்யே இல்லை. உண்மைகளில் எனக்குத் தோதான உண்மையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு செகண்ட் ஷிஃப்டுக்கு நேரே "ஜெயகரன்" என்று என் பெயரையும் எழுதி வைத்தேன். பெருமை எனக்கு வரட்டுமே.

அன்று இரவு ரயிலிறங்கி வந்த லூயிசா நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"இன்னாங்க, மாவு ஆட்டலியா?"

"ஆட்டல."

"ஏன், கரண்ட் இல்லியா?"

"கரண்ட் கீது. மனசாட்சியும் கீது."

"இன்னா கீது?"

"மனசாட்சி. சாயங்காலத்துல கிரைண்டர் போட்டா எங்கியோ நிலக்கரி எரியுது லூயிசா. பனிமலை உருகுது."

"நாளைக்குக் கட்டுற புடவ?"

"இஸ்திரிப் பொட்டி கிரைண்டர விட மோசம். அதான் இஸ்திரிக் கடைல குடுத்துட்டேன். மாவும் முனிரத்தினம் கடைல பாக்கெட் வாங்கி வெச்சிட்டேன்."

"தூசி?"

"தொடச்சா தண்ணி வேணும். தண்ணிக்கு மோட்டார் வேணும்."

"மோட்டாருக்கு மனசாட்சி வேணும்."

"கரெக்ட்டு. நீ சீக்கிரம் புரிஞ்சிக்கிற."

லூயிசா கைப்பையை மேஜையில் வைத்தாள். மேஜையிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. நான் காதுகளைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் இடி விழவில்லை.

"பூமிக்காவத்தான?"

"பூமிக்காவ."

"சரிங்க" என்றாள்.

அந்த "சரிங்க"வைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! கல்யாண மோதிரம் போட்ட அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மறுநாளிலிருந்து நான் ராஜா. மணி அடிக்கும், சைக்கிளை எடுப்பேன், கிளப்பில்தான் இறங்குவேன். வீட்டில் எல்லா மெஷினும் தூங்கும். திரையில் என் கேஜ் ஜிவ்வென்று ஏறும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஃப்ரெடி என் காலைத் தொடாத குறை.

"இன்னா மேன், எப்பிடி மேன்? எங்கூட்டுக்காரி எலைன் என்னைய வாசல் தாண்ட வுட மாட்றா."

"அறிவியல் மச்சான். ஒம் பொண்ணு என் கிளாஸ்தான? உன் வூட்டு ஷீட்ல செகண்ட் ஷிஃப்டுக்கு உன் பேர எழுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. பூமின்னு சொல்லு. எதிர்ல ஆள் நிக்க முடியாது."

ஃப்ரெடி எழுதினான். அவனைப் பார்த்து இன்னும் பல அப்பாக்கள் எழுதினார்கள். கிளப்பில் கேரம் ஆட வரிசை நின்றது. ஒரு வாத்தியாரால் ஊருக்கு இவ்வளவு நன்மை செய்ய முடியுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பு. குடும்பத்தாரும் சேரலாம் என்று நானே அறிவித்திருந்தேன். கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு புது சதுரம் முளைத்தது. அதில் லூயிசா. படுக்கையறையில் இருந்தபடி போனில் சேர்ந்திருக்கிறாள். அவள் பேசியது சுவர் வழியாக ஒரு தடவை, லேப்டாப் வழியாக ஒரு தடவை கேட்டது.

"சார், ஒரு டவுட்டு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.

"கேளுங்க... மேடம்."

"மெஷினுக்கு லீவு குடுத்துட்டோம். வேலைக்கும் லீவா சார்?"

"கேள்வி புரியல மேடம்."

"மாவு கடைல வாங்குறோம். அங்க கிரைண்டர் ஓடுது. புடவைய இஸ்திரிக் கடைல குடுக்குறோம். அங்க கரி எரியுது. நம்ம வூட்டுப் பொகய தூக்கி அடுத்தவன் வூட்ல போட்டாச்சு. இதுக்கும் பாயிண்ட் உண்டா சார்?"

நிக்கோல் துள்ளினாள்.

"சார்! ஆன்ட்டி சொல்றது சூப்பர் சார்! பாக்கெட்டு வேற பிளாஸ்டிக்கு சார்!"

"உக்காரு நிக்கோல்."

"வூட்லதான் சார் உக்காந்துகினு கீறேன்."

லூயிசா என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"பசங்களா, மைன்ஸ்ல வண்டி இழுக்குற இன்ஜின் நின்னுட்டா இன்னா பண்ணுவாங்க?"

"கையால தள்ளுவாங்க ஆன்ட்டி!"

"யாரு தள்ளுவா?"

"ஷிஃப்ட்ல கீற ஆளு!"

"அந்த ஆளு எப்ப மேல ஏறலாம்?"

"ரிலீவர் வந்தாத்தான் ஆன்ட்டி!"

எல்லாச் சதுரமும் ஒரே குரலில் கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? மாற்று ஆளான ரிலீவர் வந்து கை வைக்காமல் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது எங்கள் ஊரில் சோற்றோடு ஊட்டும் சட்டம். ஷிஃப்ட் என்ற சொல்லை வகுப்புக்குள் கொண்டுவந்தவன் நான். சட்டம் அதன் பின்னாலேயே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிக்கோல் அங்கேயே ஆன்லைன் வாக்கெடுப்பு வைத்தாள். கடை மாவுக்கும் கடை இஸ்திரிக்கும் பாயிண்ட் வெட்டு. மெஷின் ஓய்வெடுக்க, ஷிஃப்ட் ஆள் அதே வேலையைக் கையால் செய்தால் மும்மடங்கு. ரிலீவர் வரும்வரை அவர் லைவ் வீடியோவில் இருக்க வேண்டும். எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சார் வூட்ல செகண்ட் ஷிஃப்ட் யாரு?" என்றது ஒரு குரல்.

நிக்கோல் ஷீட்டைத் திரையில் போட்டாள். "ஜெயகரன்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு நாள். மறுநாள் காலை வகுப்பில் நுழைந்தால், வாத்தியார் வீட்டு கேஜ் அடி லெவலில் கிடக்கிறது. பள்ளி வாட்ச்மேன் வீட்டு கேஜ் என் தலைக்கு மேலே தொங்குகிறது. மானம் போகிற விஷயம். அன்று மாலை கொல்லையில் அடுத்த வீட்டுக் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கல்லை உருட்டி வந்து கழுவினேன்.

அதன்பின் தினமும் நேரலை. உளுந்து ஆட்டினேன். துணியை அடித்துத் துவைத்தேன். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கினேன். புடவையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்து எழுந்தேன். பிள்ளைகள் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. அம்மாக்களும் கூட உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், உளுந்து இன்னும் நைஸா வரணுமாம். எங்கம்மா சொல்றாங்க."

"சார், கழுத்துப் பட்டைய தேய்க்கல. எங்க அத்த சொல்றாங்க."

ஃப்ரெடி போன் செய்தான். மூச்சு வாங்கினான்.

"இன்னா மேன் பண்ணி வெச்சிகீற? உன் பேச்ச கேட்டு பேர எழுதுனேன், இப்ப துணி பிழியறேன்."

"கேரம் போர்டு எப்பிடி கீது மச்சான்?"

"கிளப்ப பூட்டிட்டாங்க, ஆளே இல்ல. வெச்சிடு வெச்சிடு, எலைன் பாக்குறா."

பெங்களூர் ரயில் சரியான நேரத்துக்கு வருகிற ரயில் இல்லை. அது லேட்டானால் என் ஷிஃப்ட் நீளும். லூயிசா நிதானமாக வருவாள்; முகம் கழுவுவாள்; கல்லின் மேல் ஒரு விரலை வைத்து "ரிலீவ்" என்பாள். அப்போதுதான் நான் இடுப்பை நிமிர்த்தலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள்! ஆன்லைன் காற்று வரைபடத்தையும் தங்கள் வீட்டு ஜன்னலில் படிந்த தூளையும் ஒப்பிட்டு, எந்த நாளில் மண்மேட்டுத் தூசி எந்தத் தெருவுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார்கள். தெருவே அதற்கேற்ப ஜன்னலைச் சாத்தியது. நந்திதுர்க் சுரங்கப் பக்கத்துப் பிள்ளைகள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எங்கே புல் நட்டால் மண் பறக்காது என்று கண்டுபிடித்து நட்டும் விட்டார்கள். மாவட்டப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் வகுப்பு போய்விட்டது.

இறுதிச் சுற்றும் வீடியோவில்தான். நடுவர் ஓர் அம்மையார். எங்கள் ஊர்த் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். மாதிரி வீடு என்று நான் என் கல்லோடு ஒரு சதுரத்தில். ரயிலை விட்டு அப்போதுதான் வந்த லூயிசா என் பின்னால். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார்கள். கார்பன் என்றால் என்ன, நாம் விடும் புகையை அடுத்தவர் கணக்கில் தள்ளுவது ஏன் தப்பு, எல்லாம் சொன்னார்கள். முதல் பரிசு எங்களுக்கு! என் கண் கலங்கிவிட்டது. மாவுக் கையால் துடைத்து அதை மோசமாக்கிக்கொண்டேன். இத்தனை வருஷ வாத்தியார் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

"இந்த வீட்ட எல்லா ஸ்கூல் பசங்களும் பாக்கணும். அடுத்த வருஷம் முழுக்க தெனம் சாயங்காலம் லைவ் போடுங்க" என்றார் அம்மையார்.

எல்லாச் சதுரங்களும் கைதட்டின. ஃப்ரெடி வீட்டுச் சதுரத்தில் எலைன் விசிலே அடித்தாள்.

"கடைசியா ஒரு கேள்வி. மெஷின் எதுவும் ஓடல, கூரைமேல சோலாரும் காணம். இந்த வீடு எந்த எனர்ஜில ஓடுது?"

"எங்க சாருல மேடம்" என்றாள் நிக்கோல்.

அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அதுக்கு இன்னா எரிபொருள் போடுறீங்க?"

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து லூயிசா பணிவாகச் சொன்னாள்:

"ரெண்டு டம்ளர் காப்பி மேடம். அதையும் அவரே போட்டுக்குவாரு."