உப்பளக் கரையில் ஓக் மரம் கண்ட வரலாறு

உலகத்தில் மரங்கள் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் அவை, பாவம், தங்களை இன்னார் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள வழியில்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தன. இந்த அவலத்துக்குச் சென்ற சித்திரை மாதம் மரக்காணம் உப்பளக் கரையில் முடிவு கட்டப்பட்டது. கட்டியவர்கள் 'வனம் அறிவோம் பேரவை'யினர். அடியேன் அதன் செயலாளர்.

பேரவைத் தலைவர் சித்தார்த்தன் சென்னையில் மென்பொருள் நிறுவனம் நடத்துபவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருக்குச் சனி ஞாயிறு தங்க ஒரு வீடு இருக்கிறது. ஒருநாள் அதன் மாடியில் காப்பி குடித்தபடி எதிரே தெரிந்த பச்சையைப் பார்த்து, "இந்தக் காட்டுல என்னென்ன மரம் இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. உடனே பேரவை பிறந்துவிட்டது.

எதிரே தெரிந்தது கலியபெருமாளின் சவுக்குத் தோப்பு. கயிறு பிடித்து வரிசையாக நட்ட சவுக்கு; இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடி தெரியும். தலைவர் இணையத்தில் தேடி, காட்டு மரங்களை அடையாளம் காண உதவும் வெளிநாட்டுக் கையேடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதிலிருந்த மரங்களை அப்படியே தகரப் பலகைகளாக அடிக்கக் கொடுத்தார். ஓக், பிர்ச், மேப்பிள், எல்ம் என்று பலகைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் பெயர், படம், கீழே 'சிறப்பியல்பு'. வரிசையாக மரத்துக்கு ஒன்று ஆணி அடித்து மாட்டினோம்.

கலியபெருமாள் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், இது சவுக்குங்க."

"உங்க ஊர்ல ஓக்கை அப்படிச் சொல்றீங்க. தப்பில்ல," என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

"பக்கத்துல இருக்குறதும் சவுக்குதாங்க."

"அது மேப்பிள்."

"ரெண்டையும் ஒரே நாத்தங்கால்லேருந்துதான் புடுங்கி நட்டேன்."

"அதனாலதாங்க இதெல்லாம் இவ்வளவு நாள் வெளியில தெரியாமப் போச்சு. வித்தியாசம் பார்க்கக் கத்துக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தோப்பை வாடகைக்கு விட்டிருந்ததால் கலியபெருமாளிடம் அறிவியல் மனப்பான்மை மளமளவென்று வளர்ந்தது. "நீங்க சொன்னா சரிதாங்க," என்று சொல்லிவிட்டு, மேப்பிளுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

அடுத்து எழுந்தது வாகன நிறுத்தப் பிரச்சினை. இயற்கையை நேசிப்பவர்கள் காரில்தான் வருவார்கள். கார்களை எங்கே விடுவது? தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஊரார் அதைக் கரைக்காடு என்றார்கள். முள்ளும் கொடியும் பின்னிக்கொண்டு, ஒழுங்கு வரிசை என்பதே இல்லாமல், மனம்போனபடி மரங்கள் முளைத்துக் கிடந்தன. பேரவை நேரில் சென்று 'கள ஆய்வு' செய்தது.

உச்சி வெயில். உள்ளே உப்பு வாரும் பெண்கள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிளையில் தூளி ஆடியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்தி. இந்த இடம் ஒன்றுதான் இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. தலைவர் உள்ளே நுழைந்ததும், தன்னையறியாமல் "அப்பாடா," என்றார். அந்தச் சொல் ஆய்வறிக்கையில் சேர்க்கப்படவில்லை.

"இதெல்லாம் என்ன மரம்?" என்று கேட்டார்.

பெண்களில் பாஞ்சாலை என்பவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சார், பேரு சொன்னாத்தான் உள்ள குந்தணுமா? இருக்குது, குந்துறோம்."

பின்னாலிருந்து சவரியம்மாள் என்ற வயதான பெண், "வேம்பு இருக்குது, நாவல் இருக்குது, மத்தது எனக்குத் தெரியாது சாமி," என்றார். எந்த மரத்திலும் பலகை இல்லாததால் இவற்றைப் பதிவு செய்ய இயலவில்லை.

"இந்த இடத்தைச் சுத்தம் பண்ணப் போறோம். நீங்க வேற இடத்துல ரெஸ்ட் எடுத்துக்கங்க," என்றார் தலைவர்.

பாஞ்சாலை கையிலிருந்த சோற்றைத் தூக்குச் சட்டியில் திரும்பப் போட்டார். "வேற எடமா? இந்த உப்புக்குள்ள வேற எங்க சார் நெழல் இருக்குது? காட்டுங்க, போறோம்."

"சரி, அந்தத் தோப்புலயாவது குந்திக்கிறோம்," என்றார் சவரியம்மாள்.

"அது வனம்மா. அமைதி கெடும். அதுவும் மரத்துல கயிறு கட்டித் தூளி போடுறதெல்லாம் மரத்துக்கு வன்முறை," என்றார் தலைவர். அவர் கையில் சுத்தியல் இருந்தது. ஆணிகள் என்னிடம் இருந்தன.

அன்று மாலை பேரவை கூடி, 'பலகை உள்ளதே மரம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள் ஜேசிபி வந்தது. நாவல் மரம் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. பறவைகள் எந்த எழுத்துபூர்வமான ஆட்சேபமும் தெரிவிக்காமல் பறந்துபோயின. சாயங்காலத்துக்குள் அருமையான, சமமான, மொட்டையான நிறுத்துமிடம் தயாராகிவிட்டது. அதன் வாசலில் 'மரங்களைக் காப்போம்' என்று ஒரு பெரிய பேனர் வைத்தோம். பேரவை நிர்வாகிகள் ஏழு பேரும் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், பதவி.

தொடக்க விழா வனநடை பெருவெற்றி. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார்கள் வந்து குவிந்தன. வழிகாட்டி பிரியதர்ஷினி ஒரு சவுக்கின் முன் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது பிர்ச். பட்டை வெள்ளையா இருக்கும். ஃபீல் பண்ணிப் பாருங்க."

"லேசா வெள்ளையாத்தான் தெரியுது," என்றார் ஒருவர்.

"இந்த மேப்பிள் எப்ப மேடம் சிவப்பாகும்?"

"இலையுதிர் காலத்துல."

"அப்ப மறுபடி வரணும்," என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் எல்ம் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். இதே உணர்வு ஓக்கிடம் தனக்கு வரவில்லை என்றும் கூறினார். திரும்பிப் போகும்போது கார்கள் அடுப்பாகக் கொதித்தன. "பார்க்கிங்ல ஒரு மரம் கூட வைக்கலையே, என்ன பிளானிங் இது?" என்று பலரும் எங்களைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் ஆலோசனையாக ஏற்கப்பட்டது.

வைகாசி பிறந்ததும் கலியபெருமாள் தோப்பை வெட்டினார். தலைவர் பதறியடித்து ஓடிவந்தார்.

"என்னங்க இது! ஓக், மேப்பிள் எல்லாத்தையும் வெட்டிட்டீங்களே!"

"பயிரு சார். வெளைஞ்சா அறுக்க வேணாமா? நெல்லு வெச்சிருந்தா விட்டுடுவாங்களா?" என்று சொல்லி, பலகைகளை மட்டும் பத்திரமாகக் கழற்றி ஒப்படைத்தார். நேர்மையான மனிதர்.

பேரவை மனம் தளரவில்லை. மரங்கள் நின்ற இடத்திலேயே இரும்புக் குழாய்களை நட்டு அவற்றில் பலகைகளை மாட்டினோம். ஞாயிறு நடை தொடர்ந்தது. இலையும் கிளையும் மறைக்காததால் பலகைகளைப் படிக்க இப்போது முன்னைவிட வசதியாக இருப்பதாகப் பார்வையாளர்கள் தெரிவித்தனர்.

உப்புப் பெண்கள் மதியத்தில் எங்கள் பேனரின் நிழலில் உட்காரத் தொடங்கினார்கள். ஒரு முழ அகல நிழல். அது நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். உச்சிப் பொழுதில் அதுவும் பேனரின் காலடிக்குள் போய்விடும். அப்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் ஒருநாள் சவரியம்மாள் பாத்தி வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் எங்கே கிடத்துவது என்று தெரியாமல், கரைக்காடு இருந்த இடத்துக்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். கால்கள் பழக்கத்தில் வந்துவிட்டன போலும். நானும் தலைவரும் அங்கே போனபோது பாஞ்சாலை ஒரு பலகையைக் குழாயிலிருந்து பிய்த்து, சவரியம்மாள் முகத்துக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தகரம் வெயிலில் காய்ந்து அவர் கையைச் சுட்டிருக்க வேண்டும். விடவில்லை.

"யாரு போர்டைக் கழட்டினது?" என்றார் தலைவர்.

பாஞ்சாலை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்கய்யா," என்று என்னிடம் கத்தினார். பண்ணினேன். வண்டி வரும்வரை எனக்குப் பலகையைப் படிக்க நேரம் இருந்தது. ஓக். சிறப்பியல்பு: அகன்று படர்ந்து அடர்ந்த நிழல் தரும். நாங்கள் எழுதி வைத்ததில் அன்று ஒன்றே ஒன்று உண்மையாகியிருந்தது, அதுவும் பாஞ்சாலையின் கையில்.

சவரியம்மாள் பிழைத்துக்கொண்டார். இனி உப்பளத்துக்கு வரக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் பலகையும் கூடவே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

காவல் நிலையத்துக்குப் புகார் எழுதும் பொறுப்பு செயலாளராகிய எனக்கு வந்தது. காணாமல் போனது: ஓக், ஒன்று. எடுத்தவர்: பாஞ்சாலை. எழுதி முடித்துவிட்டு, "கரைக்காடும் காணாமப் போயிருக்கே, அதையும் சேர்த்துடலாமா?" என்று தலைவரைக் கேட்டேன்.

"அதை யார் எடுத்தாங்கன்னு அடையாளம் தெரியாம எப்படிய்யா எழுதுவ?" என்றார்.

அடையாளத்துக்கு என்ன குறை? நிறுத்துமிட வாசலிலேயே பெயர், படம், பதவியோடு பெரிதாகப் பேனர் வைத்திருக்கிறோம். என் படம் இடமிருந்து இரண்டாவது.