பந்தலில் நான் வாசிக்காத சோலோ

கோபப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு, ரிதம் கிடார் வாசிப்பவனைத் தவிர. அந்தக் கால அமெரிக்க நடன பாண்டுகள் வாசித்த ஜாஸுக்கு ஸ்விங் என்று பெயர். அதில் ஒரு கும்பல் ஊதும், ஒருவர் டிரம்ஸை வெளுத்துக் கட்டுவார், ஓரத்தில் ஒருவன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாலாகத் தட்டிக்கொண்டே இருப்பான். அவன் வாசிப்பது தனியாக யாருக்கும் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். (இப்படி ஒரு வேலையை எவனாவது விரும்பிக் கற்றுக்கொள்வானா? நான் கற்றுக்கொண்டேன்.) எழுபது வயதைத் தாண்டியும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

எல்லாம் சித்தப்பாவால் வந்த வினை. அவர் பினாங்கில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். அங்கிருந்த பாண்டு கலைந்தபோது யாரோ விட்டுவிட்டுப் போன கிடாரையும், ஒரு கட்டு இசைத்தட்டுகளையும், புள்ளி புள்ளியாகப் படம் போட்ட ஒரு பாடப் புத்தகத்தையும் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களைச் சமையற்கட்டுக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எனக்கு யோசனை சொன்னார்.

"கிடாருக்காரன் கைய நிறுத்தவே மாட்டாண்டா. பொண்டாட்டி செத்துட்டான்னு சேதி வந்தாலும் நாலு தட்டு தட்டிட்டுத்தான் எந்திரிப்பான். தனியா வாசிக்கணும்னு ஆசை வந்தா மட்டும் ஒத்தை விரலைத் தூக்கி இப்புடி ஆட்டுவான். மத்தவன்லாம் அடங்கிடுவான்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் எங்கள் குடும்பத்தையே சந்தியில் நிறுத்தியது.

நான் பழகியது வயலில், ஆயில் இன்ஜின் கொட்டகையில். வீட்டில் வாசித்தால் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். இன்ஜின் டப் டப்பென்று அடிக்கும். அதன் மேல் நான் தட்ட வேண்டும். கார்டு என்பது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிப்பது. ஸ்விங் கார்டு என்றால் ஆறு தந்தியையும் வழித்து இழுப்பதல்ல. மூன்றே சுரம். தட்டிய உடனே இடது கை விரல்களைத் தந்தியை விட்டு இலேசாகத் தூக்கிவிட வேண்டும், சத்தம் அங்கேயே சாக வேண்டும். இரண்டாவது தட்டும் நாலாவது தட்டும் கொஞ்சம் அழுத்தம். கார்டும் நிலையாக நிற்காது. இரண்டு தட்டுக்கு ஒன்று மாறும். விரல் நுனியெல்லாம் கொப்புளம் கட்டி உடைந்தது. சோறு பிசையும்போது ரசம் பட்டு நான் போட்ட கூச்சல்தான் அந்த வருஷம் நான் பாடிய ஒரே பாட்டு.

சோலோ, அதாவது தனி வாசிப்பு, வேறு அவஸ்தை. கார்டிலிருந்து ஒவ்வொரு சுரமாக உருவி எடுத்து, ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கி, வார் அறுந்த செருப்போடு நடக்கிற மாதிரி வாசிக்க வேண்டும். எனக்கு இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு சோலோ வந்தது. ஒரே ஒன்றுதான். ஆனால் அதை நான் வாசித்தால் தஞ்சாவூர் ஜில்லாவே எழுந்து நிற்கும் என்று நம்பினேன்.

அப்பா வரப்பில் நின்று கேட்பார். "இன்ஜின் ஓடுதா, நீ வாசிக்கிறியா, எதுன்னே வெளங்கலடா."

அப்பாவுக்கு அப்போது மண்டையில் வேறு பாரம். நாங்கள் உழுத மூன்று ஏக்கர் பண்ணையாருடையது. தாத்தா காலத்திலிருந்து குத்தகை. நாற்று விட்டது நாங்கள், நட்டது நாங்கள், வெள்ளத்தில் கழுத்தளவு நின்று மடை திறந்தது நாங்கள். ஆனால் எந்தத் தாளிலும் எங்கள் பெயர் கிடையாது. ஆட்சி மாறிய பிறகு குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. "இவங்க என் குத்தகைக்காரங்க" என்று பண்ணையார் வாயைத் திறந்து ஒத்துக்கொண்டால் தாசில்தார் ஆபீசில் ஒரு நாள் வேலை. ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு, வாய்தா, அதற்குள் நிலத்திலிருந்து கிளப்பிவிடுவார்கள். பக்கத்து ஊரில் கிளப்பியும் விட்டார்கள். விளைந்து நின்ற கதிரைப் போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் பண்ணையார் பலே ஆள். ஆட்சி மாறிய மறு வாரமே கதரைக் கழற்றிவிட்டுக் கரைவேட்டிக்கு மாறியவர். சமத்துவம் பற்றி மேடையில் பேசுவார், வீட்டுக்கு வந்த குத்தகைக்காரனை மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கச் சொல்வார். அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன். கட்சி முறைப்படி, அய்யர் இல்லாமல், மாவட்டத் தலைவர் தலைமையில் நடக்கும் கல்யாணம். குத்தகைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். தலைவர் பண்ணையாரைப் பிடித்து அழுத்தினார். முடிவானது இதுதான்: தாலி கட்டுவதற்கு முன்னால், ஊர் கூடிய பந்தலில், மைக்கில், பண்ணையார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும்.

"தாலிக்கு முன்னாடிங்கிறதுதான் சூட்சுமம்" என்றார் அப்பா. "பொண்ணு கழுத்துல தாலி ஏறிட்டா அந்த மனுசனுக்கு நம்ம தயவு எதுக்கு?"

அந்தக் கல்யாணத்தில் வாசிக்க எங்கள் மெல்லிசைக் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மெட்ராசில் படித்தவர், இங்கிலீஷ் மெட்டு பிடிக்குமாம். குழு என்றால் அக்கார்டியன் சேகர், டிரம்ஸுக்கு ஒருவர், பிறகு யாருக்கும் கேட்காத நான். சேகர் பாபநாசத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் மகன். நல்ல வாசிப்புதான். ஆனால் அவனிடம் ஒரு பாட்டைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது. ஒத்திகையில் சத்தியம் செய்தான்: "ரெண்டு சுத்து எனக்கு. நீ விரலைத் தூக்கு, மூணாவது சுத்து ஒனக்கு."

கல்யாணத்தன்று காலை மேடை ஓரத்தில் உட்கார்ந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தேன். பந்தலின் மறு கோடியில் நாயனக் கோஷ்டி. அய்யர் வேண்டாம் என்றவர் மேளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தவில்காரர் மேடைக்கு வந்து பண்ணையாரிடம் கேட்டார்:

"ஏங்க, அய்யரு இல்லீங்களே. கெட்டிமேளத்துக்கு யாருங்க சைகை காட்டுவாங்க? கோடியில ஒக்காந்திருந்தா ஒண்ணும் காதுல விழாதுங்க."

"மேடையிலேருந்து விரலை ஆட்டுவோம்யா. பாத்ததும் கொட்டு" என்றார் பண்ணையார்.

இது என் காதருகில் நடந்த பேச்சு. கேட்டேன். கேட்டுவிட்டு, ஜி சிக்ஸ்த் என்ற கார்டிலிருந்து எந்த விரல் முதலில் நகர வேண்டும் என்று யோசிக்கப் போய்விட்டேன். என்னை மாதிரி ஒரு முட்டாளைப் பெறுவதற்கு என் பெற்றோர் எந்தப் பாவமும் செய்யவில்லை.

தலைவர் பேசினார். தமிழ், வீரம், நெல், பெண் கல்வி, மறுபடியும் தமிழ். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். அப்பாவும் மற்ற குத்தகைக்காரர்களும் முன்வரிசைக்குப் பின்னால் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாகத் தலைவர், "இப்போது பண்ணையார் அவர்கள் ஒரு நற்செய்தி சொல்வார்கள்" என்று உட்கார்ந்தார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பண்ணையார் மைக்கைப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். வராதவர்களுக்கும் சொன்னார். சோடா குடித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அதுக்கு முன்னாடி தம்பிங்க ஒரு பாட்டு வாசிக்கட்டும். மாப்பிள்ளைக்குப் புடிச்ச மெட்டு" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். சாக்குத் தேடிய மனிதருக்கு அன்று கிடைத்த சாக்கு நாங்கள்.

அப்பா என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். அவர் பிள்ளையாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு சுற்று வாசித்துவிட்டுக் கிடாரைக் கீழே வைப்பது. வைத்தேனா? என் சோலோவுக்காக ஜில்லாவே காத்திருக்கும்போது எப்படி வைப்பேன்?

ஆரம்பித்தோம். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நான் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே சேகரைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது சுற்றுக்குள் போனான். நாலாவதுக்கும் போனான். பெண் வீட்டார் பக்கம் ஒரு பாவாடை தாவணி கைதட்டியது. அவன் அதையும் கண்ணை மூடியபடியே பார்த்துவிட்டு ஐந்தாவதைத் தொடங்கினான். எனக்கு உள்ளங்காலில் ஏறிய சூடு உச்சந்தலைக்கு வந்தது. துரோகி! கையை நிறுத்தினேன். எழுந்து நின்றேன். வலது கை ஆட்காட்டி விரலை அவன் மூக்குக்கு நேரே தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேட்காத வாத்தியம் நின்றால் கேட்கும். அதுவரை அடியில் ஓடிக்கொண்டிருந்த தட்டு நின்றதும் பாட்டு தொப்பென்று விழுந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்ன ஆச்சு என்று மேடையைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தவில்காரரும் பார்த்தார்.

மேடை. விரல். ஆடுகிறது.

அவர் கொட்டினார் பாருங்கள், பந்தல்கால் அதிர்ந்தது. நாயனம் உச்சத்தில் ஏறியது. பழக்கம் என்பது ரத்தத்தில் இருக்கிறது. கெட்டிமேளம் கேட்டால் இந்த ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். கையில் அட்சதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் வீசினார்கள். குலவை கேட்டது. மாப்பிள்ளை அப்பாடா என்று மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார். தலைவர் சோடாப் பாட்டிலும் கையுமாக எழுந்து, தலைமை தாங்கிய கல்யாணம் தனக்குச் சொல்லாமல் முடிந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார். (சேகர் அப்போதும் நிறுத்தவில்லை. கெட்டிமேளத்துக்கே அக்கார்டியன் போட்டான், படுபாவி.)

பண்ணையார் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மகள் கல்யாணம் முடிந்த சந்தோஷம் இல்லை அது. ஜப்தியிலிருந்து தப்பியவன் சந்தோஷம். மைக்கைப் பிடித்து, "நல்ல நேரத்துல நல்லபடியா முடிஞ்சுது. இலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

அப்பா பந்திக்குப் போகிற கூட்டத்தை எதிர்த்து மேடைக்கு வந்தார். "அய்யா, எங்க பேரைச் சொல்றேன்னீங்களே."

"சொல்றேன்யா, எங்க போயிடப் போறேன்? நல்ல நாளும் அதுவுமா தகராறு பண்ணாத. போய்ச் சாப்புடு."

"தலைவரே, நீங்களாவது கேளுங்க."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேதாரண்யத்தில் இன்னொரு கல்யாணம். "அதான் சொல்றேங்குறாருல்ல" என்று காரில் ஏறிவிட்டார். குத்தகைக்காரர்கள் ஒருவர்கூட இலையில் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். நான் கிடாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பண்ணையார் மேல், தலைவர் மேல், சேகர் மேல், பினாங்கு மேல், எல்லோரையும்விட அதிகமாக என் மேல்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எந்த விரல்டா?"

காட்டினேன்.

"அதை மடக்கி வையி."

மடக்கினேன். சாப்பிடும்போதுகூட மடக்கித்தான் வைத்திருந்தேன்.

சித்தப்பா மெல்ல, "பினாங்குல இப்புடி நடந்ததே இல்லீங்கண்ணே" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு வாரம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

பண்ணையார் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் மறியல், தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து போராட்டம், அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் திருச்சி ஜெயில். மைக்கில் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு என் அப்பா களி தின்றார். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் கிடாரைக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டிவிட்டு, அப்பா இல்லாத வயலில் களை பறித்தேன்.

கடைசியில் பதிவாகிவிட்டது. எத்தனையோ வாய்தாவுக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வயலுக்கு வந்தார். நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். "பேரு ஏறிருச்சு" என்றார். அவ்வளவுதான். மடையோரம் உட்கார்ந்து முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒற்றை விரலைத் தூக்கி ஆட்டினார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. ஓடிப்போய்க் கிடாரை எடுத்தேன். தந்தியெல்லாம் துரு. சுதி சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன்.

"இரு" என்றார் அப்பா. போய் இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் பாதி வயலுக்குத்தான் போயிருந்தது. வந்து வரப்பில் உட்கார்ந்து, "இப்ப வாசி" என்றார்.

அந்த ஒரே சோலோவை முழுவதும் வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அப்பா எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நிஜமான கோபத்தோடு கேட்டார்:

"இதுக்காடா நெலம் போகப் பாத்துச்சு?"

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அந்தக் கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. என் மனைவி புதிதாக ஒரு குழம்பு வைத்து, நாங்கள் ஆவலாக வாயில் வைத்துப் பார்த்து, அது சுமாராக இருந்தால் அதே கேள்விதான். மகள் மூன்று மணி நேரம் அலங்காரம் செய்துகொண்டு வெளியே வந்தால் அதே கேள்விதான். போன மாதம் பேரன் பள்ளி விழாவில் கீபோர்டு வாசித்துவிட்டு, கைதட்டலோடு இறங்கி வந்து, என் முன்னால் நின்று, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிக்கொண்டான்: "தெரியும் தாத்தா. இதுக்காடா நெலம் போகப் பாத்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சேகரை எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள், அந்த மூன்றாவது சுற்று இன்னும் என்னுடையதுதான்.