பளிச்சென்று நான் எடுத்த நுரையீரல்

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: பீடியை விட்டிருந்த மனிதரை மறுபடி பீடி வாங்க வைத்தவள் நான்தான். (எனக்குப் பீடி வாசனை பட்டாலே தும்மல் வரும்.)

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் திருவண்ணாமலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. வயது இருபத்து நான்கு; திமிரை ஊருக்கே பங்கு போடலாம். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மில்லில் வேலை செய்யும் ஏழுமலை அண்ணனுக்கு எங்கள் சென்டரில் எடுத்த முதல் சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் ஓட்டைகள் தெரிந்தன. அன்றே பீடியை விட்டார். ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார்.

பழைய படம் மங்கல். எனக்கு அது மானப் பிரச்சினை. கம்ப்யூட்டரில் கூர்மை செட்டிங்கை ஏற்றினேன். கல்யாண ஆல்பம் மாதிரி பளிச்சென்று வந்தது படம்.

ரிப்போர்ட்டில் ஓட்டையின் அளவு இரண்டு மடங்கு!

டாக்டர் சொன்னதைக் கேட்டவர், நேராக எதிர்க்கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்னாண்ணா இது?"

"குடிச்சப்ப கம்மியா இருந்துச்சு, வுட்டப்ப ஜாஸ்தியாயிடுச்சு. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. அப்புறம் நான் எதுக்கும்மா வுடணும்?"

உள்ளே ஓடி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிப்பாவி! கூர்மையை ஏற்றினால் படம் முழுக்க ரவை தூவியது போலப் பொடிப்புள்ளிகள் விழும். கம்ப்யூட்டர் அவற்றில் கறுப்பாக இருப்பதையெல்லாம் ஓட்டை என்று எண்ணிவிடும். அதே ஸ்கேனைப் பழைய செட்டிங்கில் போட்டேன். அளவு ஏறவே இல்லை. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வேற ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்துடு. தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் வருவான்?" என்றார் டாக்டர்.

"வரலைன்னா போறான் சார். அந்த மனுஷன் பீடி பத்த வெக்கப் போறாரு!"

வாசலில் காத்திருந்த அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "அண்ணா, தப்பு என்னுது. படம் அழகா வரணும்னு செட்டிங்க மாத்திட்டேன். உங்க நெஞ்சு மோசமாகல. நீங்க பீடிய வுட்டது வீண் போகல."

"படிய மாத்தி அளந்துட்டா மல்லாட்ட என்னம்மா பண்ணும்?" என்றவர், பிரிக்காத பீடிக்கட்டை என் கையில் திணித்தார். "நீயே வெச்சுக்க."

வைத்திருக்கிறேன். இன்றும் சாம்பாரில் ஏதாவது புதுசாகச் செய்துவிட்டு "எனக்குத் தெரியாதா?" என்று நான் ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் அந்தப் பீடிக்கட்டை எடுத்துவந்து அடுப்புப் பக்கத்தில் வைப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிக்கட்டும். அந்தக் கட்டில் ஒரு பீடிகூடக் குறையவில்லை.