அணிலுக்கு ஒரு விண்ணப்பம்

"என்னய்யா இது? மார்ச் நாலாம் தேதி பஸ்ஸுக்கு ஏப்ரல் மூணாம் தேதி டிக்கெட் போகுது!"

காலையிலேயே பஸ் டிக்கெட் கம்பெனி மேலாளர் போனில் கத்தினார். புரோகிராமர் கம்ப்யூட்டர் முன் பாய்ந்து உட்கார்ந்தார். டிக்கெட் புரோகிராமுக்குள் தேதிகளைக் கையாளும் 'பேக்கேஜ்' என்ற குட்டி மென்பொருள் ஒன்றை ஏழு வருடமாகக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர் அவர். அது நிற்பதோ, 'அணில்' என்ற புனைபெயரில் யாரோ எழுதும் இன்னொரு பேக்கேஜின் தோளில். அணிலின் பேக்கேஜில் எந்த வெர்ஷனை ஏற்கலாம் என்று சொல்லும் வரியில், 'இரண்டும் அதற்கு மேல் எதுவும்' என்று தாராளமாக எழுதி வைத்திருந்தார். இன்று அணில் மூன்றாம் வெர்ஷனை வெளியிட, அது தானாகவே வந்து ஏறிவிட்டது. நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா உன் பேக்கேஜைத் தூக்கிடுவேன். கூடவே உன்னையும்!" என்று போனை வைத்தார் மேலாளர்.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளும் பக்கத்து அறையில் ஏதோ கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறாள். என்ன வேலை என்று இவர் கேட்டதில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம்மா! இந்த அணில் பய உயிரை வாங்குறான்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அந்த வெர்ஷன் வரியை 'அணில் 2.4 மட்டும்' என்று இறுக்கினார். அரை மணியில் பஸ்ஸில் இருக்கை ஒதுக்கும் பிரிவிலிருந்து போன்.

"சார், எங்களுக்கு அணில் 2.6 வேணும். நீங்க 2.4ஐ விட மாட்டேங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணா ஏறலை. இப்ப டிக்கெட்டே வரலை!"

அதுவரை தப்பான தேதியிலாவது வந்துகொண்டிருந்தது. சரி, 'இரண்டில் எது வந்தாலும் சம்மதம், மூன்று மட்டும் வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தளர்த்தினார்.

"ஏங்க, அந்த ரெண்டுல கூட..." மறுபடியும் மனைவி.

"அப்புறம்னு சொன்னேன்ல!"

பத்தே நிமிடத்தில் அணில் 2.7ஐ வெளியிட்டது. டிக்கெட்டில் தேதி இருந்த இடம் துடைத்துவிட்டது போலக் காலி.

எதை மாற்றிப் பார்த்தும் சரியாகாமல் மணி ஐந்தாகிவிட்டது. ஏழு வருட உழைப்பு கண்ணெதிரே போகிறது. இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுவது? வேறு வழியில்லாமல் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு அணிலுக்கே எழுதினார்:

'அணில் ஐயா அவர்களுக்கு, உங்களை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'

அனுப்பினார். பக்கத்து அறையில் மனைவியின் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"ஐயா இல்லைங்க, அம்மா!" என்றாள் மனைவி அங்கிருந்தே. "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே காலையிலேர்ந்து நடையா நடக்குறேன்?"