சாவியைக் குலுக்கிய பிறகு பேசுபவர்

கூட்டத்தில் வாய் திறக்காதவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. இன்னொரு வகைக்குச் சொல்ல எல்லாமே இருக்கும், இடம்தான் வேறு. கூட்டம் முடிந்து, முடிவு குறிப்பேட்டில் ஏறி, நாற்காலிகளை மடக்கி, பாதி விளக்கை அணைத்த பிறகு, வெளியே வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்து, கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று தொடங்குவார் பாருங்கள், அவர்தான் நம் ஆள்.

இவரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லாதீர்கள். மருத்துவர் கேட்கும்போது "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டி, தொப்பியை வைத்து, கதவுப் பிடியில் கை வைத்தபடி, படுக்கை விரிப்பை மாற்றுகிற பெண்ணிடம் "மூணு நாளா நெஞ்சை இழுத்துப் பிடிக்குதும்மா" என்பாரே ஒருவர், அவர் இவருக்கு அண்ணன் முறை. அவரையாவது கையைப் பிடித்து இழுத்து மறுபடி படுக்க வைக்கலாம். முடிந்த கூட்டத்தை அப்படிப் படுக்க வைக்க முடியுமா?

இந்த இனத்தில் நல்ல ஆரோக்கியமான மாதிரி வேண்டுமென்றால் வட அமெரிக்கப் பழங்குடியான ஓஜிப்வே மக்களின் எங்கள் ஏரிக்கரைப் பள்ளிக்கு வர வேண்டும். ஆர்லன் குட்ஸ்கை. வயது நாற்பத்தொன்று. சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். கால்களில் எந்தக் குறையும் இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் நடந்து வருவார். குறை தொண்டையில். அதுவும் கூரைக்குக் கீழே இருக்கும்வரைதான்.

விளையாட்டுக் கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது அவர் உட்காரும் இடம் கடைசி வரிசை, கதவுக்குப் பக்கம். கோட்டைக் கழற்ற மாட்டார். பொரித்த ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருப்பார். குழுத் தலைவி டோரீன், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்ட நொடியில் கூரை விளக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்குவார். டோரீன் விடாமல் "ஆர்லன், நீ?" என்றால், உதட்டைக் குவித்து, பக்கத்தில் இருக்கும் மச்சான் வெர்னனைக் காட்டுவார். எங்கள் ஊரில் விரலை நீட்ட மாட்டோம், உதடுதான். வெர்னன் உதட்டைக் குவித்து ஆர்லனைத் திருப்பிக் காட்டுவார். இரண்டு பேரும் முத்தம் கொடுத்துக்கொள்வது போல ஐந்து நொடி இருப்பார்கள். டோரீன் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

பிறகு வெளியே. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைக்கும். வண்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டு புகை விடும். சாவி குலுங்கும்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா, மச்சான்? அந்தப் பள்ளிக்கூட நாட்காட்டி மொத்தமும் தப்பு. முதல்லேர்ந்து சொல்றேன் கேளு."

அவர் முதலிலிருந்து சொல்வார். புருவத்தில் பனி பூக்கும், சொல்வார். நாலு பேர் எட்டுப் பேர் ஆவார்கள், இன்னும் சொல்வார். கேட்டால் தெரியும், அத்தனையும் நியாயம். கோர்வையாக, சிரிக்கச் சிரிக்க, சமயத்தில் கண்ணில் நீர் வரும்படி. உள்ளே ஒரு நிமிடம் இதைச் சொல்லியிருந்தால் ஊரே எழுந்து நின்றிருக்கும். ஏன் சொல்லவில்லை? பதினோரு வருடத்துக்கு முன் ஒருமுறை கையைத் தூக்கி, கூடைப்பந்துப் புள்ளிப் பலகையின் விளக்கு எரியவில்லை என்று சொன்னார். குறிப்பேட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் வெர்னன் அவரை எங்கே பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கி "மாண்புமிகு ஆர்லன் அவர்களே!" என்றார். பெட்ரோல் போடும் இடத்தில். பனி ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் குடிலில். மாமியார் வீட்டுச் சவ அடக்கத்தில்கூட. அதோடு தொண்டை மூடியதுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். போன வருடம் ஐந்தாம் வகுப்புக்குச் சர்க்கரை வாரம் போயிற்று.

ஏப்ரல் பிறப்பதற்குச் சற்று முன், மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும் நாட்களில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் பள்ளியை விட்டுத் தோப்பில் இருப்பார்கள். மரத்தில் துளையிட்டு, சாற்றை வாளியில் பிடித்து, பெரிய கொப்பரையில் காய்ச்சிச் சர்க்கரை ஆக்குவார்கள். அந்த வாரத்தில் மாநிலத் தேர்வுக்குப் பயிற்சி வைக்கலாமே என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெற்றோர் வேண்டாம் என்று வாக்களித்தால் போதும், வாரம் தப்பிக்கும். குறைந்தது நாற்பது வாக்கு விழ வேண்டும். கூடத்தில் முப்பத்தொன்று விழுந்தது. வாக்களிக்கக் காத்திராமல் எழுந்து வந்த இருபத்தாறு பேர் அதே நேரத்தில் வெளியே நின்று, அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஆர்லன் விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொன்று. தோப்பு ஆர்லனுடையது. கொப்பரையும் அவருடையது. போன மார்ச் முழுவதும் அது பனியில் கவிழ்ந்தே கிடந்தது. அவர் தினமும் அதைத் தாண்டிப் போனார், தினமும் பெருமூச்சு விட்டார், வெர்னனிடம் தினமும் ஒன்று சொன்னார்.

இந்த வருடமும் அதே கடிதம் வந்தது. இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் அவர் மகள் ஜோரி. இந்த வருடம் விட்டால் அவளுக்குச் சர்க்கரை வாரம் இல்லை. ஆறாம் வகுப்புக்காரர்களுக்குக் கிடையாது.

அவள் ஆசிரியை மிஸ் பெலாஞ்சர், வாக்களிப்பது பற்றிய பாடத்தைப் படம் காட்டி நடத்துகிறவர் இல்லை. "ஓட்டு போடச் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, ஜனங்க எங்க பேசுறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்று ஜனவரிக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அட்டையும் பென்சிலும் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாள் வகுப்பில் ஜோரி எழுந்து நின்று படித்தாள்.

"கூடத்துக்குள்ள ஒரு மணி நேரம். பேசினவங்க ஆறு பேர். அதுல ரெண்டு பேரு 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொன்னாங்க. வெளிய வண்டிகிட்ட நாப்பது நிமிஷம். பேசினவங்க இருபத்திமூணு பேர். எங்கப்பா உள்ள சைபர். வெளிய பதினேழு நிமிஷம்."

"தொடர்ச்சியாவா?" என்றார் மிஸ் பெலாஞ்சர்.

"நடுவுல ஒரு தடவ இருமினார் டீச்சர்."

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்கள். நாற்பது பெற்றோர், பள்ளி வளாகத்தில், நேரில், கையெழுத்திட்டு. கூடம் என்ற சொல் எங்கும் இல்லை. ஊர்வலமாகப் போய் டோரீனிடம் கேட்டார்கள். டோரீன் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி இரண்டு முறை படித்துவிட்டு, "வேலிக்குள்ள இருக்கறதெல்லாம் வளாகம்தான். உங்கப்பன் தள்ளிக் குவிச்சு வச்சிருக்கானே பனிமேடு, அதுவும் சேத்தி" என்றார்.

அப்படித்தான் பிப்ரவரிக் கூட்டத்தன்று, கூட்டம் முடிந்த ஐந்து மணிக்கு, வாக்குப்பெட்டி வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது. அப்பம் சுடும் மாவு வந்த பிளாஸ்டிக் வாளி. மூடியில் கத்தியால் கீறிய பிளவு. மிஸ் பெலாஞ்சரின் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். பேனா மை உறைந்துவிடும் என்று பென்சில்கள். காது மூடிய தொப்பிகளோடு பதினான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு வண்டியாய்ப் பிரிந்து நின்றார்கள். யார் சாவியைக் குலுக்கினாலும் பக்கத்தில் ஒரு தொப்பி முளைத்தது.

"சொல்லி முடிச்சிட்டீங்களா மாமா? அப்ப அதையே இதுல ஒரு கோடாப் போட்டுக் குடுத்துடுங்க."

"நான் சும்மா பேசிட்டிருந்தேன்மா."

"பரவால்ல. சும்மா ஒரு கோடு."

இந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போடுவது லேசான வேலை இல்லை. ஆனால் மேல்மூச்சு வாங்க எட்டிப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் இல்லை என்பதும் லேசான வேலை இல்லை. வாக்கு விழுந்தது. ஜோரியின் அம்மா முதல் ஆள். வெர்னன் பன்னிரண்டாவது. ஐந்தே முக்கால் மணிக்கு முப்பத்தொன்பது.

பெட்டி ஆறு மணிக்கு மூடும். ஜோரி சுற்றிலும் பார்த்தாள். வருடம் முழுவதும் அந்த இடத்தை விட்டு நகராத ஒரே மனிதரைக் காணோம்.

அவர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? வெளியே வாக்கு வந்துவிட்டதால் உள்ளே போய்விட்டார். எண்பது நாற்காலிகள் காலியாய்க் கிடந்த கூடத்தின் நடுவில், கையில் காபியோடு, கோட்டைக்கூடக் கழற்றிவிட்டு, அவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். காபிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த டோரீன் ஒருவர்தான் கூட்டம்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா டோரீனக்கா? ஒரு வாரம் தோப்புல இருந்தாத்தான் அதுகளுக்கு மரத்தைத் தெரியும், நெருப்பைத் தெரியும், பொறுமை தெரியும். பரீட்சை எங்க போகுது? சாறு நிக்குமா?"

"நல்லாத்தான் பேசுற" என்றார் டோரீன் திரும்பாமல். "யார்கிட்டப் பேசுற?"

கதவு திறந்தது. ஜோரி, வாளியோடு. "அப்பா. முப்பத்தொன்பது."

"அப்பா இப்பதான் எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேம்மா."

"அது கணக்குல வராதுப்பா."

ஆர்லன் கோட்டை எடுத்தார். "வண்டி எஞ்சின் ஓடிட்டிருக்கு, பாத்துட்டு வந்துடறேன்" என்று பக்கக் கதவு வழியாக வெளியேறினார். வாளி பின்னாலேயே போனது. வண்டியருகே ஆறு தொப்பிகளைப் பார்த்துவிட்டு, "உள்ள கையுறையை விட்டுட்டேன்" என்று முன்கதவுப் பக்கம் திரும்பினார். வாளியும் திரும்பியது. கொழுத்த ஆள், நல்ல பூட்ஸ், பனி மிதித்து இறுகிய தரை. இதில் ஓடினால் இடுப்பெலும்பு போகும், போனால் ஆறு மாதம் படுக்கைதான். நல்லவேளை, அவர் ஓடவில்லை. வேகமாக நடந்தார்.

எங்கள் பக்கம் எந்தக் கட்டடத்துக்கும் இரட்டைக் கதவு. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில், குளிர் உள்ளே ஏறாமலிருக்க, பூட்ஸ் கழற்றுகிற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி. ஆர்லன் வெளிக்கதவைத் தாண்டி அதற்குள் வந்தபோது, உள்கதவின் கண்ணாடியில் ஏழு மூக்குகள் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. திரும்பினார். வெளிக்கதவைப் பிடித்தபடி ஜோரி. அவளுக்குப் பின்னால் மீதித் தொப்பிகள், அவற்றுக்குப் பின்னால் வெர்னன்.

மணி ஐந்து ஐம்பத்தேழு.

ஜோரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஈரப் பூட்ஸ்களுக்கு நடுவே வாளியை வைத்தாள்.

"அப்பா, இது உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல."

அவர் சுற்றிப் பார்த்தார். அதில் தப்பு ஒன்றும் சொல்ல முடியவில்லை. கை தன்னால் பைக்குள் போய் சாவியைத் தேடியது.

"வளாகம்தானே?" என்றார் கடைசியாக.

"வளாகம்தான்."

"பேரு எழுதணுமா?"

"எழுதணும்."

"எல்லாரும் படிப்பாங்களா?"

ஜோரி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "வெர்னன் மாமா படிப்பாரு."

பென்சிலை வாங்கினார். பூட்ஸ் அடுக்கின்மேல் காகிதத்தை வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாய்ப் பெயரை எழுதி, கோட்டைப் போட்டு, மடித்து, பிளவுக்குள் தள்ளினார். நாற்பது. கதவின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பிய கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே, கண்ணாடிக்கு அப்பால், வெர்னன் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்து, இடுப்புவரை வணங்கினார். உதடு அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்று யாரும் ஆர்லனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் சாகவில்லை. நாடித் துடிப்பு சற்று அதிகம், காது சிவப்பு, அவ்வளவுதான்.

வாரம் தப்பித்தது. கொப்பரையை நிமிர்த்தி, உள்ளே கூடு கட்டியிருந்த எலியைக் குடி மாற்றி, மணல் போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று. ஆர்லன் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். அன்று ஆறேகால் மணிக்கே வண்டியருகே சாவி குலுங்கியது. பென்சில் மொட்டை. வாளியில் அப்ப மாவு வாசனை. கோடு போடும் கட்டம் இவ்வளவு சின்னதாகவா இருப்பது? அட்டையும் பென்சிலுமாக ஜோரி பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிடம். இருமல் இல்லை.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கூடவே இந்தக் கட்டுரையில் இரண்டு மூன்று இடம் சரியில்லை என்றும் தோன்றியிருக்கும். எந்த இடம் என்று ஒரு வரி எழுதி அனுப்பப் போகிறீர்களா? மாட்டீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து, வழியனுப்ப வந்தவரிடம்தான் ஆரம்பிப்பீர்கள். அதனால் என்ன, ஆரம்பியுங்கள். ஆனால் முதலில் கையைப் பாருங்கள். அதில் இருப்பது என்ன, சாவியா?