உங்கள் ஹீட்டரைத் திருப்பித் தருகிறேன், சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி மாம்பெத்தாலி அவர்கள் சமூகத்துக்கு,

அத்பாஷியிலிருந்து தொக்தோசுன் மிக்க பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே ஆடுகள், குதிரைகள், பசு, நாய் எல்லாம் நலம். நானும் என் மனைவி கென்ஜேகானும்கூட நலம்தான். அங்கே கொச்கோரில் உங்கள் மந்தை பனியில் இளைக்காமல் இருக்கிறதா, சம்பந்தியம்மாளின் மூட்டுவலி தேவலையா, மாப்பிள்ளை சமாத், என் மகள் அய்சிரெக், இன்னும் நான் முகம் பார்க்காத என் பேத்தி எல்லோரும் சுகமா என்று அறிய ஆவல். "இன்னும் நான் முகம் பார்க்காத" என்ற இடத்தில் பேனாவைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன், காகிதம் கிழிந்திருக்கும், மன்னிக்கவும். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு நாற்பதாம் நாள் கழிந்துவிட்டது. முதல் பிள்ளை பெற்றவளைத் தகப்பன் வந்து பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது நம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வழக்கம். தொட்டில் விருந்தன்று பனி கொட்டிக் கணவாய் அடைபட்டதில் பாதி வழி வந்து திரும்பியவன் நான், அந்த வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது கழிந்ததும் முறைப்படி செய்தி அனுப்பினேனா இல்லையா? நீங்கள் என்ன செய்தீர்கள்? மகளையும் அனுப்பவில்லை, பேத்தியையும் அனுப்பவில்லை, ஒரு அட்டைப்பெட்டியை அனுப்பினீர்கள். உள்ளே டீசலில் எரிகிற ஒரு ஹீட்டர். அதைக் கொண்டுவந்த மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே உங்கள் சேதியையும் சொன்னார்: "மாமா, இதை வண்டியில மாட்டணுமாம். இது ஓடுற வண்டியிலதான் குழந்தை கணவாயைத் தாண்டுமாம். இல்லேன்னா பனி உருகட்டும், வசந்தத்துல பாத்துக்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு." சம்பந்தி, பிள்ளையைப் பெற்றது என் பெண். வண்டி என்னுடையது. நடுவில் நிபந்தனை போட நீங்கள் யார்? இதை மரியாதையோடுதான் கேட்கிறேன்.

என் பிக்கப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? குளிர்காலத்தில் எங்கள் தெருவில் முதலில் கிளம்புகிற வண்டி அது. விடிந்ததும் ஒரு இரும்புத் தட்டில் வரட்டித் தணலை அள்ளி எஞ்சினுக்கு அடியில் தள்ளுவேன், பானெட்டின் மேல் தடித்த கம்பளியைப் போர்த்துவேன், உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் கனைத்துக்கொண்டு எழுந்துவிடும். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நிற்பார்கள், நான் கயிறு கட்டி அவர்களுடைய வண்டிகளை இழுத்துக் கிளப்பிவிடுவேன். பக்கத்து வீட்டுச் சாகினாலியின் ஜீப்பை நான் இழுக்காத நாள் கிடையாது. அவன் ஜீப்பைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும், அவனைப் பார்த்தால் இன்னும் பரிதாபமாக இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு, வண்டியைச் சூடாக்க நீங்கள் சாமான் அனுப்புகிறீர்கள். என்ன எகத்தாளம்!

சரி, சம்பந்தி கொடுத்ததைத் தட்டக்கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையே வண்டிக்கு அடியில் படுத்து அதை மாட்டிக்கொடுத்தார். எஞ்சினை ஓட்டவே வேண்டாமாம், பொத்தானை அமுக்கினால் போதுமாம், அது டாங்கியிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சி, தானே எரித்து, எஞ்சின் தண்ணீரையும் சூடாக்கி, உள்ளே உட்காருகிறவனையும் சூடாக்குமாம். அவர் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை நான் அமுக்கினேன். முதலில் டிக் டிக் என்று ஏதோ துடித்தது. பிறகு விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்கப்புறம் வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. நான் என்ன ஏது என்று குனிந்து பார்ப்பதற்குள், வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துச் சாகினாலி மண்வெட்டியோடு வேலியைத் தாண்டிக் குதித்துப் பனியை அள்ளி அள்ளிக் கொட்ட ஆரம்பித்தான். குனிந்திருந்த என் மேலும் கொட்டினான். நிறுத்தடா நிறுத்தடா என்று நான் கத்தியதை உதவி கேட்டுக் கத்துவதாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கொட்டினான். ஒருவழியாக எழுந்து பொத்தானை அணைத்தேன். அணைத்தும் அது நிற்கவில்லை, சம்பந்தி! அதுபாட்டுக்கு இரைந்துகொண்டே இருக்கிறது. என் வீட்டில் நான் நில் என்றால் நாய்கூட நிற்கும். கோபம் தலைக்கேறி பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். உடனே கரும்புகையும் ஒரு நாற்றமும் கிளம்பி, கொடியில் விறைத்துத் தொங்கிய துணியெல்லாம் டீசல் வாடை. கென்ஜேகான் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டால், அது தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு மெதுவாகத்தான் நிற்குமாம், விட்டுவிட வேண்டுமாம், பிடுங்கினால் உள்ளே கருகிவிடுமாம். அணைத்த பிறகும் ஆறுதல் தேவைப்படுகிற யந்திரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வண்டியில் ஏதோ அடுப்பு வைத்திருக்கிறானாமே என்று பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை உள்ளே ஏற்றினேன். அங்கேதான் வம்பு. மூத்தவரை வாசலுக்கு மிகத் தள்ளி உட்கார வைப்பதுதானே மரியாதை? என் பிக்கப்பில் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் கதவு! முன் சீட்டைக் காட்டினேன், பெய்ஷெனாலி பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்யா, என்னைக் கதவோரமா உக்கார வைக்கிறியே, நான் என்ன நேத்து வந்த மருமகளா?" என்றார். கடைசியில் இரண்டு கதவுக்கும் சரிசமமாகத் தள்ளி இருக்கிற இடம் பின்சீட்டின் நடு இடம்தான் என்று எல்லோரும் கூடி முடிவுசெய்து, அவரை அங்கே திணித்து, இரண்டு பக்கமும் இரண்டு கனமான ஆட்களை உட்கார வைத்தோம். முழங்கால் இரண்டும் காதைத் தொட, மூச்சுவிட இடமில்லாமல், அந்த மனுஷன் அப்படி ஒரு திருப்தியோடு உட்கார்ந்திருந்தார். விருந்தாளி உட்கார்ந்தாகிவிட்டால் வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? கென்ஜேகான் வண்டிக்கே தேநீர் கொண்டுவந்தாள், வெண்ணெய் கொண்டுவந்தாள், போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துச் சுடச்சுடத் தட்டோடு ஜன்னல் வழியாக நீட்டினாள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஹீட்டரை அணை என்று விருந்தாளிகளிடம் எந்த வாயால் சொல்வது? போய்வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பொழுது சாய்கிற வரைக்கும் அது ஓடியது, அவர்களும் ஓயவில்லை.

மறுநாள் காலை என் வரட்டித் தணலில் எஞ்சின் நன்றாகக் கதகதவென்று இருந்தது. சாவியைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். உங்கள் ஹீட்டரின் விசிறி முந்தின நாள் சாயங்காலம்வரை ஓடிப் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட்டது. வரட்டித் தணல் யாருடைய பேட்டரியையாவது குடித்ததுண்டா? வாசலில் வழக்கம்போல வண்டி இழுக்க ஆள் கேட்டு வந்து நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாகினாலியின் ஜீப், இதுவரை தானாக ஒருதடவைகூடக் கிளம்பாத அந்தச் சனியன், அன்றைக்கென்று பார்த்து முதல் திருகிலேயே கிளம்பிவிட்டது. அவன் இறங்கி வந்தான். "அண்ணே, கயிறு உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க, நான் இழுக்குறேன்" என்றான். என் கயிறு, சம்பந்தி. என் கயிற்றாலேயே என்னை மசூதி வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். வேண்டுமென்றே மெதுவாக.

அங்கேயே இறங்கி, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இந்த ஹீட்டரைக் கழட்டி என் சம்பந்தி கையிலேயே திருப்பிக் குடுக்கல, என் தொப்பியை நாய்க்குப் படுக்கப் போடுறேன்." பெய்ஷெனாலி பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நல்லதுப்பா, ரோஷம் இருக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை ஒருதடவை உக்காந்துட்டுப் போயிடறோம்" என்றார்.

ஆகையால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். உங்கள் ஹீட்டர் வந்த அதே பெட்டியில் திரும்ப வருகிறது. சாட்சிக்குப் பெய்ஷெனாலி பெரியவரும் சாகினாலியும் கூடவே வருகிறார்கள். சம்பந்திக்கு உரிய இடுப்பெலும்புக் கறியை எனக்கு வைத்தால் சாப்பிடுவேன், வைக்காவிட்டால் பட்டினியாகவே வேலையைப் பார்ப்பேன். பெட்டியைக் கொடுத்ததும் என் மகளையும் பேத்தியையும் என் வண்டியில், வரட்டித் தணலில் சூடேறிய வண்டியில், ஏற்றிக்கொண்டு போவேன். யார் மறிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பச்சைப்பிள்ளைக்குக் குளிரும் என்பீர்கள். அய்சிரெக் பிறந்தபோது இதைவிடக் கடுங்குளிரில், ஹீட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், என் கோட்டுக்குள் சுருண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அவள் உங்களையே எதிர்த்துப் பேசுகிறாள் என்று போன தடவை குறைப்பட்டுக்கொண்டீர்களே, அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பனி உருகட்டும் என்று மறுபடியும் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வாசலிலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு பனி உருகுகிறவரை உட்கார்ந்திருப்பேன். உங்கள் ஊர்க்காரர்கள் வந்து கேட்டால் காரணத்தையும் சொல்வேன். நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வைக்கோல் குறையாதிருக்கட்டும், உங்கள் வீட்டுப் புகைபோக்கியில் என்றும் புகை இருக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. பேத்தியின் நெற்றியில் எனக்குப் பதிலாக யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம், அதை நானே வந்து கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் தலைகுனியாத உங்கள் சம்பந்தி,
தொக்தோசுன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சாகினாலிக்கும் பெரியவருக்கும் உரக்கப் படித்துக் காட்டியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இனிமேல் எழுதுவது நீங்கள் மட்டும் படிக்க.

பெட்டியில் இருப்பது கல். எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள், திறக்காதீர்கள், கனத்துக்கு முகம் சுளிக்காதீர்கள், என்னைக் கட்டிப்பிடித்து ஏதாவது கோபமாக நாலு வார்த்தை சொல்லுங்கள். ஹீட்டர் வண்டியில்தான் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் அதற்கென்று தனியாக ஒரு பேட்டரியும் வைத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சாகினாலியின் ஜீப்பில் வருகிறார்கள், அது கிளம்பினால். டிக் டிக் சத்தம் யார் காதிலாவது விழுந்தால், பேத்திக்காக வாங்கிய சுவர்க்கடிகாரம் என்று நான் சொல்வேன், நீங்கள் தலையாட்ட வேண்டும்.

நான் சபதம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கென்ஜேகான் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க வீம்பையா போர்த்திப் பேத்தியைக் கூட்டிட்டு வரப்போறீங்க?" என்றாள். புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்றை அவள் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, என் பழைய வழக்கப்படி எஞ்சினைச் சூடாக்கிக் கணவாய் உச்சிவரை போனோம். குட்டி அவள் கோட்டுக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே வந்தது. உச்சியில் வண்டியை நிறுத்தினேன். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அமுக்கினேன். இறங்குகிற வழியெல்லாம் குட்டி காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை, எழுந்துவிடுமோ என்று. வீட்டுக்குப் போகிறதற்கு முன் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, பனியைக் காலால் விலக்கி, உங்கள் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கல் தேடினேன்.